செயலி வேறு, நிரல் வேறா?

கம்பம் பள்ளத்தாக்கு குறுகிக்கொண்டே போய் மலையடிவாரத்தில் முடிகிற இடத்தில் இருக்கிறது கூடலூர். அதற்கு அப்பால் லோயர் கேம்ப். அதற்கும் மேலே குமுளி மலைச்சாலை. இந்த ஊரில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இரவு மணி பத்து. தோட்டம் ஊருக்கு வெளியே இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கிணற்று மோட்டாரை அப்பா வீட்டில் இருந்தபடியே, கைப்பேசியில் உள்ள ஒரு செயலியைத் தொட்டு, எட்டு மணிக்கு ஓடவிட்டிருக்கிறார். இப்போதும் திரையில் பச்சை வட்டம் தெரிகிறது. ‘மோட்டார் ஓடுகிறது’ என்று எழுதியும் இருக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் பைக்கை வாசலில் நிறுத்திவிட்டுச் சொல்கிறார்: “அண்ணே, உங்க மோட்டார் ஒரு மணி நேரமாச் சத்தமே இல்லையே!”

அப்பா மகளைக் கூப்பிடுகிறார். “என்ன தாயி இது? பச்சை எரியுது. ஓடுதுன்னு போட்டிருக்கு. இவரு ஓடலைங்கிறாரு.”

“செயலி தப்பாச் சொல்லுதுப்பா.”

“செயலி தப்பா, அங்க மாட்டியிருக்கிற பெட்டி தப்பா?”

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அப்பாவின் கேள்வி மிகச் சரியான கேள்வி. கைப்பேசியில் இருப்பது செயலி, கணிப்பொறியில் இருப்பது நிரல் என்று நம்மில் பலர் மனத்தில் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறோம். அந்தக் கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறதா? மோட்டார் அறைக்குப் போய்ப் பார்ப்போம்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

தோட்டக்காரர்கள் ‘மொபைல் ஸ்டார்ட்டர்’ என்று சொல்லும் பெட்டியை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பழைய ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருப்பார்கள். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கும் சிறு சுற்றுகள் இருக்கும். ஸ்டார்ட்டரை இழுத்துவிட ஒரு ரிலே இருக்கும். இவை அனைத்தையும் ஆட்டிவைக்க விரல் நகம் அளவுள்ள சில்லு ஒன்று இருக்கும்.

இந்தப் பெட்டி ஏன் தேவைப்பட்டது? லோயர் கேம்ப்பில் மலைச்சரிவில் இறங்கும் குழாய்களில் பெரியாற்று நீர் பாய்ந்து மின்சாரம் எடுக்கப்படுகிறது. ஆனால் அது நேராகக் கூடலூர்த் தோட்டங்களுக்கு வந்துவிடுவதில்லை. மாநிலம் முழுவதற்குமான மின்தொகுப்பில் சேர்ந்து, அங்கிருந்துதான் பங்காகத் திரும்பி வருகிறது. பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று முறைவைத்து வந்த ஆண்டுகளில், மின்சாரம் வந்த நேரத்துக்கு எழுந்து போய் மோட்டாரைப் போட வேண்டியிருந்தது. நள்ளிரவில் வரப்பில் நடப்பது விளையாட்டல்ல. பாம்பு உண்டு, காட்டை ஒட்டிய தோட்டமானால் காட்டுப்பன்றி உண்டு, சில இடங்களில் யானையும் உண்டு. அந்த நடையை மிச்சப்படுத்தத்தான் இந்தப் பெட்டி வந்தது.

சில்லுக்குள் எழுதப்பட்டிருப்பது ஆணைகளின் வரிசை. இந்த வரிசையைத்தான் ‘நிரல்’ என்கிறோம்; ஆங்கிலத்தில் புரோகிராம். அது எப்படி இருக்கும் என்பதை நம் மொழியில் எழுதிப் பார்க்கலாம்:

1. மூன்று பேஸிலும் மின்னழுத்தத்தை அளந்துகொள்.
2. ஏதேனும் ஒரு பேஸ் இல்லாவிட்டாலோ மிகத் தாழ்ந்திருந்தாலோ 9-க்குப் போ.
3. ‘ஓடு’ என்ற கட்டளை இருக்கிறதா? இல்லையென்றால் 9-க்குப் போ.
4. மோட்டார் ஏற்கெனவே ஓடுகிறதா? ஆம் என்றால் 6-க்குப் போ.
5. மோட்டாரை இணை.
6. மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்துகொள்.
7. மின்னோட்டம் மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ இருந்தால், கட்டளையை ‘நில்’ என்று மாற்றி எழுதிவிட்டு 9-க்குப் போ.
8. 1-க்குத் திரும்பிப் போ.
9. மோட்டாரைத் துண்டி. நிலை மாறியிருந்தால் உரிமையாளருக்குச் செய்தி அனுப்பு. 1-க்குத் திரும்பிப் போ.

இவ்வளவுதான். இந்த ஒன்பது வரிகளைச் சில்லு இரவும் பகலும் சுற்றிச் சுற்றி வருகிறது. களைப்பு என்பதே இல்லை.

2-ஆம் வரி ஏன்? மும்முனை மோட்டாருக்கு ஒரு பேஸ் வராமல் போனால், அது ‘உம்’ என்று உறுமிக்கொண்டு நிற்கும், சுற்றாது. மற்ற இரண்டு பேஸ்களிலிருந்தும் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்து, சிறிது நேரத்தில் காயில் கருகிவிடும். பிறகு நீர்மூழ்கி மோட்டாரைக் குழாயோடு மேலே தூக்கி, ரீவைண்டிங் கடைக்கு அனுப்பி, அது திரும்பி வரும் வரை கொடிகள் காய்ந்துகொண்டிருக்கும்.

7-ஆம் வரியில் ‘மிகக் குறைவாகவோ’ என்று இருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மின்னோட்டம் குறைந்தால் நல்லதுதானே? அப்படியல்ல. கிணற்றில் தண்ணீர் வற்றிப் பம்பு வெறுமனே சுற்றினால், தூக்க வேண்டிய சுமை இல்லை. எனவே மின்னோட்டம் குறைகிறது. தண்ணீரில்லாத கிணற்றை எட்டிப் பார்க்காமலே பெட்டி தெரிந்துகொள்வது இப்படித்தான். 2-ஆம் வரி இருக்கும்போது மின்னோட்டத்தையும் ஏன் அளக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு நுட்பமான காரணமும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் ஒரு பேஸ் அறுந்தால், மோட்டார் தானே ஒரு மின்னாக்கி போல நடந்துகொண்டு, அறுந்த பேஸிலும் ஓரளவு மின்னழுத்தத்தை உண்டாக்கிவிடும். மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும் பெட்டி ஏமாந்துபோகும்.

மேலே உள்ள நிரலில் ஒரு பிழை இருக்கிறது. மேற்கொண்டு படிக்குமுன் கண்டுபிடிக்க முடிகிறதா, பாருங்கள்.

நின்றுகொண்டிருக்கும் மோட்டாரை நேரடியாக இணைக்கும் அந்தக் கணத்தில், அது வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். சுழற்சி வேகம் பிடித்த பிறகுதான் அது இயல்பான அளவுக்கு இறங்கும். நம் நிரலோ 5-ஆம் வரியில் இணைத்த மறுநொடியே 6-ஆம் வரியில் அளக்கிறது. 7-ஆம் வரியில் ‘ஐயோ, மிக அதிகம்!’ என்று நிறுத்திவிடுகிறது. இந்த நிரலை நம்பினால் மோட்டார் ஒருநாளும் ஓடாது. 5-ஆம் வரியுடன் ‘சில விநாடி பொறு’ என்று சேர்த்தால் சரியாகிவிடும். நிரல் எழுதுகிறவருக்குக் கணிப்பொறி மட்டும் தெரிந்தால் போதாது, மோட்டாரும் தெரிய வேண்டும் என்பதற்காக இதைச் சொன்னேன்.

இந்தப் பெட்டியிலும் இருப்பது முழுமையான ஒரு கணிப்பொறி. ஆனால் திரை இல்லை, விசைப்பலகை இல்லை, தொட்டுத் திறக்கப் படம் இல்லை. அதில் ஓடுவது நிரல். ஆனால் அதை யாரும் செயலி என்று சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் செயலி என்ன செய்கிறது?

கைப்பேசியில் உள்ள செயலியும் ஒரு நிரல்தான். அதன் வரிசை வேறு. பச்சைப் பொத்தானை வரை. சிவப்புப் பொத்தானை வரை. எதையாவது விரல் தொட்டதா என்று பார். பச்சையைத் தொட்டால் ‘ஓடு’ என்ற செய்தியை அனுப்பு. பெட்டியிடமிருந்து ஏதேனும் செய்தி வந்தால் அதைத் திரையில் எழுது. மூன்று பேஸ் பற்றியோ காயில் பற்றியோ அதற்கு ஒன்றும் தெரியாது. செயலி கேட்கிறது, பெட்டியில் உள்ள நிரல் முடிவு செய்கிறது.

இப்போது அப்பாவின் கேள்விக்குத் திரும்புவோம். எட்டு மணிக்குப் பெட்டி ‘ஓடுகிறது’ என்று செய்தி அனுப்பியது. செயலி அதைத் திரையில் எழுதியது. ஒன்பது மணிக்குத் தோட்டத்தில் மின்சாரம் போய்விட்டது. மோட்டார் நின்றது. மின்சாரம் போனாலும் கடைசியாக ஒரு செய்தி அனுப்பிவிட்டு உறங்கப் பெட்டிக்குள் ஒரு சிறிய பேட்டரி உண்டு. அது பழையதாகித் தீர்ந்துபோயிருந்தது. எனவே செய்தி வரவில்லை. செயலிக்குத் தெரிந்தது எட்டு மணிச் செய்தி மட்டும். அதையே பத்து மணிக்கும் காட்டிக்கொண்டிருந்தது. பச்சை வட்டத்தின் பொருள் ‘இப்போது ஓடுகிறது’ என்பதன்று. ‘ஓடுகிறது என்று கடைசியாகக் கேள்விப்பட்டேன்’ என்பதுதான்.

அப்படிப் பார்த்தால் யார்மேல் தவறு? பேட்டரிமேல் ஒரு பங்கு. என் கருத்தில் பெரிய பங்கு, செயலியை எழுதியவர்மேல். பச்சை வட்டத்துக்குக் கீழே ‘கடைசிச் செய்தி: இரவு 8.02’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அப்பா ஒன்பதரைக்கே சந்தேகப்பட்டிருப்பார்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். அப்பாவின் கைப்பேசி கிணற்றில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. பெட்டியின் நிரல் தன் ஒன்பது வரிகளைச் சுற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீர் வற்றினால் நிறுத்தும்.

இதற்குச் செயலிகூட அவசியமில்லை. புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்ட்வால் உருவாக்கிய ‘நானோ கணேஷ்’ என்னும் கருவி, 2009-இல் நோக்கியா நிறுவனம் நடத்திய புதுப்படைப்புப் போட்டியில் பரிசு பெற்றது. சாதாரணப் பொத்தான் கைப்பேசியிலிருந்து தோட்டத்துக் கருவியை அழைத்து, எண்களை அழுத்தியே மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் அதில் முடிந்தது.

வேலை ஓரிடத்தில், முகம் வேறிடத்தில் என்னும் இந்த ஏற்பாட்டுக்கு நம் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. கூடலூர், கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகளில் மலையேறுகிறவர்களை நீங்கள் அறிவீர்கள். அந்த ஏலக்காய் விலைபோகும் இடங்களுள் ஒன்று போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியம் நடத்தும் மின்னணு ஏல மையம். முன்பு வாய்விட்டுக் கேட்டார்கள். பிறகு வணிகர்கள் ஆளுக்கொரு கணிப்பொறியின் முன் உட்கார்ந்து, மாதிரிக் காயைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே, பொத்தானை அழுத்திக் கேட்கலானார்கள். 2021 முதல் போடியில் இருப்பவரும், கேரளத்தில் புற்றடி மையத்தில் இருப்பவரும் ஒரே ஏலத்தில் கேட்கும்படி ஏற்பாடு வந்தது. இருவர் ஏறக்குறைய ஒரே கணத்தில் அழுத்தினால் யார் முந்தினார் என்று அவரவர் திரை சொல்ல முடியுமா? முடியாது. இருவருடைய கேள்வியும் போய்ச் சேரும் பொதுவான ஓரிடத்தில் இருக்கும் நிரல்தான் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2018-இல் வெளியிட்ட ‘உழவன்’ செயலியும் அப்படித்தான். அதில் தெரியும் சந்தை விலை உங்கள் கைப்பேசியில் பிறந்ததல்ல. எங்கோ உள்ள கணிப்பொறியிலிருந்து ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கிக் காட்டப்படுவது. வலைத்தொடர்பு இல்லாதபோது பல செயலிகள் வெறும் சட்டமாகத் திறந்து நிற்பதன் காரணம் இதுதான்.

ஒரு சொல், இரண்டு பொருள்

இந்த இடத்தில் தமிழில் ஒரு சிறு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். பதினோராம் வகுப்புக் கணிப்பொறி அறிவியல் பாடத்தில் ‘நுண்செயலி’ என்று ஒரு சொல் வரும். ஆணைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றும் சில்லுக்கு, அதாவது மைக்ரோபிராசசருக்கு, அந்தப் பெயர். நாளிதழ்களிலோ ‘ஆப்’ என்பதற்குத்தான் ‘செயலி’ என்று எழுதுகிறார்கள். முன்னது கையால் தொடத்தக்க பொருள். பின்னது அந்தப் பொருளில் ஓடும் ஆணைத்தொகுப்பு. இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்துவிட்டது. சிலர் ஆப்பைக் ‘குறுஞ்செயலி’ என்று எழுதுவது இந்தக் குழப்பம் தீரத்தான். இந்தக் கட்டுரையில் செயலி என்றால் ஆப் என்றே கொள்ளுங்கள்.

‘ஆப்’ என்பதும் ‘அப்ளிகேஷன் புரோகிராம்’ என்பதன் சுருக்கந்தான். பயனீட்டாளரின் ஒரு குறிப்பிட்ட வேலைக்கான நிரல் என்று பொருள். சம்பளப் பட்டியல் போடும் நிரல், கடிதம் எழுதும் நிரல் ஆகியவற்றைப் பெரிய கணிப்பொறிகளின் காலத்திலேயே அப்படித்தான் அழைத்தார்கள். 2008-ஆம் ஆண்டு ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்கான செயலிக் கடையைத் திறந்தது. அப்போது அதில் இருந்தவை ஏறத்தாழ 500. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கும் ஒரு கடை வந்தது. இரண்டே ஆண்டுகளில், 2010-இன் சிறந்த சொல்லாக ‘ஆப்’ என்பதை அமெரிக்கக் கிளைமொழிச் சங்கம் தேர்ந்தெடுத்தது. பொருள் பழையது, சுருக்கம் புதியது!

மல்லிகை பூ வகையுள் ஒன்று. பூவெல்லாம் மல்லிகை ஆகிவிடாது. அதுபோல, செயலி ஒவ்வொன்றும் நிரலே. ஆனால் நிரல் எல்லாம் செயலி அல்ல. அப்படியானால் செயலி அல்லாத நிரல்கள் எவை? மோட்டார் பெட்டியில் ஒன்றைப் பார்த்துவிட்டோம். இன்னொன்று உங்கள் கைப்பேசியிலேயே, எல்லாச் செயலிகளுக்கும் அடியில் இருக்கிறது.

பதினேழு ஆணைகள்

1948-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள், இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், நினைவகத்திலேயே நிரலைச் சேமித்து வைத்து இயங்கும் மின்னணுக் கணிப்பொறி முதன்முதலாக ஒரு நிரலை ஓட்டியது. எழுதியவர் டாம் கில்பர்ன். மொத்தம் 17 ஆணைகள். 262144 என்ற எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களில், அதைத் தவிர மிகப் பெரியது எது என்று கண்டுபிடிப்பதுதான் அதற்குக் கொடுத்த வேலை. நீங்கள் ஒரு நொடியில் பாதியாக்கி 131072 என்று சொல்லிவிடுவீர்கள். அந்த இயந்திரமோ 262143-இலிருந்து ஒவ்வொன்றாகக் கீழிறங்கி வகுத்துப் பார்த்தது. அதற்கு வகுத்தலும் தெரியாது, திரும்பத் திரும்பக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். 52 நிமிடம் கழித்து விடை சரியாக வந்தது. இயந்திரம் பிழையின்றி நீண்ட நேரம் ஓடுகிறதா என்று சோதிப்பதுதான் நோக்கம் என்பதால், சுற்றுவழியையே வேண்டுமென்று தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த 52 நிமிடமும் முழு இயந்திரமும் அந்த ஒரே நிரலுக்குச் சொந்தம். கேட்பாரில்லை, தடுப்பாரில்லை. நம் மோட்டார் பெட்டியின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

ஒரே கணிப்பொறியைப் பல நிரல்கள் பங்குபோடத் தொடங்கியதும் தொல்லை வந்தது. யாருக்கு எப்போது முறை? யாருடைய எண்கள் எந்த இடத்தில்? வாய்க்கால் பாசனத்தில் இதே தொல்லை நமக்குப் பழக்கமானது. அவரவர் விருப்பப்படி மடையைத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. ஆகவே மடை திறந்து முறைவைத்துப் பாய்ச்ச ஒருவரை நியமிக்கிறோம். வயலுக்கு வயல் வரப்புப் போடுகிறோம். கணிப்பொறியில் அந்த மடைக்காரரின் பெயர் இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் எல்லாம் இயங்குதளங்களே. இவையும் நிரல்கள்தாம், ஆனால் நம் நேரடி வேலை எதையும் செய்வதில்லை. மற்ற நிரல்களுக்கு நேரத்தைப் பங்கிட்டு, நினைவகத்தைப் பாத்தி பிரித்து, திரையையும் விசைகளையும் சிம்மையும் கேட்டவருக்குக் கேட்ட முறையில் கொடுக்கின்றன. செயலி அந்தப் பாத்திகளில் ஒன்றில் விளையும் பயிர்.

வரப்பும் வேலியும்

கணிப்பொறியிலும் இயங்குதளம் உண்டு, கைப்பேசியிலும் உண்டு. அப்படியென்றால் மேசைக் கணிப்பொறியின் நிரலுக்கும் கைப்பேசிச் செயலிக்கும் உண்மையிலேயே வேறுபாடு இல்லையா? உண்டு.

எளிய வேறுபாடு முதலில். பெரும்பாலான கைப்பேசிகளில் இருப்பது ஏ.ஆர்.எம். வகை நுண்செயலி, மேசைக் கணிப்பொறிகளிலும் மடிக்கணினிகளிலும் நெடுங்காலமாகப் பெருவழக்கில் இருப்பது இன்டெல் வழிவந்த வகை. இரண்டுக்கும் ஆணை மொழி வேறு. ஒன்றுக்கென்று மாற்றி எழுதிய ஆணைகள் மற்றதற்குப் புரியா. பள்ளிக் கணிப்பொறியில் அப்பாவின் மோட்டார் செயலியை அப்படியே போட்டால் ஓடாததற்கு இதுவும் ஒரு காரணம். அதன் இயங்குதளம் வேறு என்பது மற்றொரு காரணம்.

பெரிய வேறுபாடு வேலியில் இருக்கிறது. பழைய மேசைக் கணிப்பொறியில் நீங்கள் ஒரு நிரலை ஓடவிட்டால், நீங்கள் திறக்கக்கூடிய கோப்புகள் அனைத்தையும் அதுவும் திறக்கலாம். உங்கள் பெயரில் நடமாடும் வேலையாள் அது. கடிதம் எழுதும் நிரல் நினைத்தால் உங்கள் படங்களையும் கணக்குகளையும் புரட்டிப் பார்க்கலாம், தடுப்பு வரப்பளவுதான். கைப்பேசியிலோ வேலியே போட்டுவிட்டார்கள். ஆண்ட்ராய்டு இயங்குதளம் ஒவ்வொரு செயலியையும் தனித்தனி ஆள்போல் நடத்துகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண், தனி அறை. ஒரு செயலியின் அறைக்குள் இன்னொன்று நுழைய முடியாது. படங்கள், தொடர்பு எண்கள், ஒலிவாங்கி, இருப்பிடம் போன்ற பொதுச் சொத்துகளைத் தொட வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டும்.

இந்த வேலியின் வலிமையைத் தமிழ் எழுத்தின் வரலாற்றிலேயே காணலாம். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அது வளர்ந்து ‘முரசு அஞ்சல்’ ஆயிற்று. விண்டோஸ் கணிப்பொறிகளில் அது ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் எந்த நிரலில் தட்டினாலும் விசைகளை இடைமறித்துத் தமிழாக்கித் தரும். கணிப்பொறியில் நிரலுக்கு இருந்த சுதந்திரம் அது. கைப்பேசிகளுக்கு அவர் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005-இல் வெளிவந்தது. ஐபோனில் அதன் கதி என்ன? 2014-இல் ஐஓஎஸ் 8 வரும்வரை, வேறெவருடைய விசைப்பலகையும் பிற செயலிகளுக்குள் நுழைய ஐபோன் இடம் கொடுக்கவில்லை. செல்லினத்தைத் திறந்து, அதற்குள்ளேயே தமிழில் எழுதி, நகலெடுத்துக்கொண்டு போய் வேண்டிய இடத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. எழுதிய கை ஒன்றுதான், எழுத்தும் ஒன்றுதான். கணிப்பொறியில் திறந்த வாசல், கைப்பேசியில் வேலி.

எரிச்சலூட்டும் கட்டுப்பாடு என்று தோன்றுகிறதல்லவா? ஒரு நிமிடம் யோசியுங்கள். எல்லாச் செயலிகளிலும் தட்டும் விசைகளை இடைமறிக்க வல்ல ஒன்று, உங்கள் கடவுச்சொல்லையும் பார்க்க வல்லது. புதிய விசைப்பலகை ஒன்றை ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இயக்கும்போது, ‘நீங்கள் தட்டுவதையெல்லாம் இது சேகரிக்கக்கூடும்’ என்ற எச்சரிக்கை வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? பலரும் படிக்காமலே ‘சரி’ என்று தொட்டுவிடுகிறோம்.

இன்று இந்த வேறுபாடும் மங்கிவருகிறது. விண்டோஸ் கணிப்பொறியிலும் செயலிக் கடை வந்துவிட்டது, ஏ.ஆர்.எம். நுண்செயலியுள்ள மடிக்கணினிகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆகவே ‘இது செயலியா, நிரலா?’ என்று கேட்டுத் தலையை உடைத்துக்கொள்வதைவிட, ‘இது எங்கே ஓடுகிறது, எந்த வேலிக்குள் ஓடுகிறது?’ என்று கேட்டால் கூடுதலாகத் தெரிந்துகொள்ளலாம்.

கதவைத் திறப்பது யார்?

வேலி இருந்தாலும் கதவின் சாவி நம் கையில்தான் இருக்கிறது. தொடக்ககால ஆண்ட்ராய்டில், செயலியை நிறுவும்போதே எல்லா அனுமதிகளையும் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். மறுத்தால் செயலியே கிடைக்காது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், முக்கியமான அனுமதிகளைத் தேவைப்படும் நேரத்தில் ஒவ்வொன்றாகக் கேட்கும் முறை வந்தது. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை மறுக்கலாம். கொடுத்ததைப் பின்னர் திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கதவு ஏன் முக்கியம் என்பதற்குக் கசப்பான ஒரு பாடம் உண்டு. ‘ஐந்து நிமிடத்தில் கடன்’ என்று சொல்லிப் பரவிய சில செயலிகள், நிறுவியவுடன் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டன. அவசரத்தில் இருந்தவர்கள் கொடுத்தார்கள். தவணை தவறியதும், அந்தப் பட்டியலில் இருந்த உறவினர், நண்பர், வேலை கொடுத்தவர் எல்லோரையும் அழைத்து மிரட்டினார்கள். நாட்டின் பல பகுதிகளில் இது குடும்பங்களையே நிலைகுலையச் செய்தது. 2022 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறை, கடன் செயலிகள் கைப்பேசியின் தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள், கோப்புகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று சொன்னது. பணம் கடன் கொடுப்பதற்கும் உங்கள் நண்பர்களின் எண்களுக்கும் என்ன தொடர்பு என்ற எளிய கேள்விதான் அதன் அடிப்படை.

அதே கேள்வியை மோட்டார் செயலியிடமும் கேட்டுப் பார்க்கலாம். அதன் வேலை என்ன? பொத்தானைக் காட்டுவது, செய்தி அனுப்புவது, வந்த செய்தியை எழுதுவது. இதற்கு வலைத்தொடர்பு வேண்டும். சில வகைகளில் குறுஞ்செய்தி அனுப்பும் அனுமதி வேண்டும். மோட்டார் நின்றால் மணியடிக்க அறிவிப்பு அனுமதி வேண்டும். வேறென்ன வேண்டும்? வீட்டில் பெரியவர்களை உடன் வைத்துக்கொண்டு, கைப்பேசி அமைப்புகளில் அந்தச் செயலியின் பெயரைத் தொட்டு, ‘அனுமதிகள்’ என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘தொடர்புகள்’ என்பதற்கு எதிரே அனுமதி கொடுக்கப்பட்டிருந்தால், அதை எடுத்துவிட்டு மோட்டாரை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஓடும். கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்க உங்கள் அத்தையின் தொலைபேசி எண் தேவைப்படாது.